உறைந்திருக்கும் மூன்று கருக்களை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஈரோடு பக்கம். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாமல், 2022 ஆகஸ்டில் ஐவிஎஃப் செய்துகொண்டோம். 11 முட்டை எடுத்தார்கள். கடைசியில் நான்கு கரு தேறியது என்றார்கள். ஒன்றை வைத்தார்கள், முதல் தடவையிலேயே தங்கிவிட்டது. மகளுக்கு இப்போது மூன்று வயது. மீதி மூன்றை ஃப்ரீஸ் செய்திருக்கிறார்கள். வருடா வருடம் ரினியூவல் கட்டச் சொல்லி வாட்ஸ்அப் வரும். இந்த வருடம் என் கணவர், "ஒரு குழந்தை போதும், பணம் கட்டாதே, அப்படியே விட்டுவிடு" என்கிறார். மாமியாரோ, "அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைகதானே, கொன்னுபோட்டு நிம்மதியா இருப்பியா?" என்கிறார். கூடவே, "அதுல பையன் இருக்கானான்னு கேட்டுப் பாரு" என்றும் சொல்கிறார். என் நாத்தனாருக்குப் பத்து வருடமாகக் குழந்தை இல்லை. அவருக்குக் கொடுத்துவிடலாமா? விட்டுவிட்டால் அது கொலையா? ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் டாக்டர் அல்ல. ஆபரேஷன் தியேட்டருக்கும் லேபுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் வழியாக டாக்டர் நீட்டும் டியூபை வாங்கி, அதற்குள் முட்டை இருக்கிறதா என்று தேடும் எம்ப்ரியாலஜிஸ்ட். 17 வருடமாக இதுதான் வேலை. உங்களுடையதைப் போன்ற கருக்களை ஃப்ரீஸ் செய்வதும் நாங்கள்தான். பிறகு ஒருநாள் கையெழுத்து வந்தால் அவற்றை வெளியே எடுத்து வைப்பதும் நாங்கள்தான். அதனால் உங்கள் கடிதத்தை "இது எதிக்ஸ் சமாசாரம், சாமியாரைக் கேளுங்கள்" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 11 முட்டை எடுத்தார்கள். சாதாரணமாக அதில் எட்டு அல்லது ஒன்பதுதான் முழுதாக முதிர்ந்திருக்கும். விந்தணு செலுத்திய 16 முதல் 18 மணி நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் கருத்தரித்துவிட்டது என்று பொருள். ஒன்று உங்களுடையது, ஒன்று உங்கள் கணவருடையது. இரண்டும் இன்னும் கலந்திருக்காது. மேலும் சில மணி நேரத்தில் அந்த வட்டங்கள் மறையும். 'உயிர் உண்டாகும் அந்த நொடி' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய நொடி எதுவும் இல்லை. ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நடக்கும் வேலை அது. அதற்கு முன்பும் அங்கே உயிர் இல்லாமல் இல்லை. முட்டையும் உயிருள்ளது, விந்தணுவும் உயிருள்ளது.

இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு செல். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய அந்த எட்டு செல் வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வேலையைத் தொடங்கியிருப்பதே இல்லை. அம்மா முட்டைக்குள் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையை வைத்துத்தான் அது ஓடுகிறது. மூன்றாம் நாளுக்கு மேல் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அங்கேதான் நிறையக் கருக்கள் நின்றுபோகும். உங்களுக்கும் ஆறோ ஏழோ கருத்தரித்திருக்கும். ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தவை நான்கு. நடுவில் நின்றுபோன அந்த இரண்டு மூன்றைப் பற்றி உங்களிடம் யாராவது துக்கம் விசாரித்தார்களா? மாமியாருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. லேபில் எந்த உதவியும் இல்லாமல், உடம்புக்குள் இயல்பாக நடக்கும் கருத்தரிப்பிலும் ஏறத்தாழப் பாதி, பிறப்பு வரை வருவதில்லை. பெரும்பாலானவை மாதவிலக்கோடு போய்விடும். அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

இதைச் சொன்னால் உங்கள் மாமியார், "தானா உதிர்றது வேற, நாமளா உதிர விடறது வேற" என்று திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அது நியாயமான கேள்விதான். இயற்கையில் நிறைய நடக்கிறது என்பதாலேயே நாம் செய்வது சரியாகிவிடாது. ஆனால் "மூன்று பிள்ளைகள் ஃப்ரீசரில் இருக்கிறார்கள்" என்ற படம் உங்கள் மனதில் இருந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நல்ல தரமான ஐந்தாம் நாள் கரு என்றாலும், கர்ப்பப்பையில் வைத்தால் குழந்தையாவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே நாங்கள் சந்தோஷப்படுவோம். முதல் தடவையிலேயே உங்களுக்குக் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். மூன்று கரு என்றால் மூன்று குழந்தை அல்ல; ஒன்று கிடைக்கலாம், இரண்டு கிடைக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

ஐந்தாம் நாள் கருவில் சுமார் நூறு செல் இருக்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. வெளிச்சுவராக இருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியாக மாற வேண்டியவை. உள்ளே ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துதான் குழந்தையாக வேண்டியது. அந்தக் கொத்து ஒரு குழந்தையாகத்தான் ஆகும் என்றும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாகப் பிரிந்து இரட்டையாகலாம். கருத்தரித்து ஏறத்தாழ 14 நாள் வரை இந்த நிலைதான். அதற்குப் பிறகுதான் தலை எது, கால் எது என்ற முதல் கோடு விழுகிறது. 1984ல் பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான குழு, ஆய்வுக்காகக்கூட 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கக்கூடாது என்று பரிந்துரைத்தது இதை வைத்துத்தான். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் வழிகாட்டுதலிலும் அதே 14 நாள் எல்லைதான் இருக்கிறது. உங்கள் மூன்றும் ஐந்தாம் நாளில் நிற்பவை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊரில் 'கருத்தரித்தாளா' என்று யாரும் கேட்பதில்லை. "தங்கிச்சா?" என்றுதான் கேட்கிறோம். "நாள் தள்ளிப் போயிருக்கு", "முழுகாம இருக்கா" என்கிறோம். எல்லாமே, கரு அம்மாவின் உடம்பில் வந்து ஒட்டிய பிறகு தெரியும் அடையாளங்கள். நீங்களும் உங்கள் கடிதத்தில் "தங்கிவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோஸ்கோப் இல்லாத காலத்துப் பேச்சு, ஆனாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது. ஃப்ரீசரில் இருப்பவை எவ்வளவு காலம் இருந்தாலும் தானாக எதுவும் ஆகப்போவதில்லை. ஒரு பெண் தன் உடம்பைக் கொடுக்கச் சம்மதித்தால்தான் அவற்றுக்கு வழி உண்டு. அந்தச் சம்மதத்தை உங்களிடம் யாரும் கடன் மாதிரி வசூலிக்க முடியாது. அதனால், என்னைக் கேட்டால், இது கொலை அல்ல. எல்லோரும் இப்படி நினைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை, கருத்தரித்த நேரத்திலிருந்தே அதை மனித உயிராகவே மதிக்கச் சொல்கிறது. நான் பழகிய முஸ்லிம் தம்பதிகள் பலர், 120ஆம் நாளில்தான் ஆன்மா ஊதப்படுகிறது என்ற கணக்கை வைத்துப் பேசுவார்கள்.

நீதிமன்றங்களுக்கும் இது குழப்பமாகத்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் விவாகரத்து செய்துகொண்ட ஒரு தம்பதி உறைகருக்களுக்காக வழக்காடினார்கள். 1992ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், இவை ஆளும் அல்ல, சொத்தும் அல்ல, இரண்டுக்கும் இடையில் தனி மரியாதைக்குரியவை என்றது. 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் நேர் எதிராக, உறைகருவும் குழந்தைதான் என்றது. அந்த வழக்கு தொடங்கிய விதம், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மருத்துவமனை நோயாளி ஒருவர் சேமிப்பு அறைக்குள் நுழைந்து கருக்களைக் கையில் எடுத்திருக்கிறார். அந்தக் குளிர் கையைச் சுட்டதும் கீழே போட்டுவிட்டார். தீர்ப்பு வந்ததும் அந்த மாநிலத்தில் பல இடங்களில் ஐவிஎஃப் நின்றது. அடுத்த மாதமே சட்டமன்றம் மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் போட வேண்டியதாயிற்று. எனக்கு டென்னசியின் வார்த்தைதான் பிடிக்கும். ஆளும் அல்ல, சாமானும் அல்ல.

சாமான் அல்ல என்பதால்தான், "பணம் கட்டாதே, விட்டுவிடு" என்று உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரன்ட் பில் கட்டாமல் விட்டால் ஃபியூஸ் பிடுங்குகிற மாதிரி இது முடியக்கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இருவரும் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பணமும் வராமல், பதிலும் வராமல், போன் நம்பரும் மாறிப்போன தம்பதிகளின் கருக்கள் எங்கள் நைட்ரஜன் தொட்டியில் இருக்கின்றன. அவற்றைத் தொடவும் முடியாது, மறக்கவும் முடியாது. திங்கட்கிழமை காலையில் நைட்ரஜன் ஊற்றும்போதெல்லாம் அந்த டேக்குகள் கண்ணில் படும்.

சரி, உங்கள் நாத்தனார் விஷயம். கொடுக்க முடியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், கருவை இன்னொருவருக்கு விற்பதை மட்டுமல்ல, மாற்றிக் கொடுப்பதையே தடை செய்கிறது. உங்கள் கருவை உங்கள் சொந்த உபயோகத்துக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோவதற்கே தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். காசு வாங்காமல் சொந்த நாத்தனாருக்குத்தானே என்றாலும் அதே பதில்தான். "பேப்பர்ல வேற மாதிரி எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நான் உங்களை யோசிக்கச் சொல்லியிருப்பேன். கொங்குப் பக்கத்துக் குடும்பம் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாத்தனார் பையன் உங்கள் மகளுக்கு அத்தை மகன், முறை. சின்ன வயதிலிருந்தே "உன் மாப்பிள்ளை வந்திருக்கான் பாரு" என்று பெரியவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் இந்தக் கருவிலிருந்து அந்த வீட்டில் ஒரு பையன் பிறந்தால், அவன் உங்கள் மகளுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரே நாளில், ஒரே டிஷ்ஷில் கருவானவர்கள். அதை யார், எப்போது, யாரிடம் சொல்வது? சொல்லாமல் விட்டால் எத்தனை பேர் எத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது? உதவி செய்ய நினைத்த உங்கள் மனது பெரிது. நாத்தனாருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற வங்கி மூலமாக, யாரென்று தெரியாத கொடையாளரின் முட்டை அல்லது விந்தணு பெறலாம்; காரா என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு மூலமாகத் தத்தெடுக்கலாம். அவருக்கு எது பிரச்சினை என்று முதலில் நல்ல டாக்டரிடம் காட்டியிருக்கிறார்களா, அவர் கணவருக்கும் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். இன்றும் பாதி வீடுகளில் பெண்ணை மட்டும்தான் கூட்டிவருகிறார்கள்.

"பையன் இருக்கானா" என்ற கேள்விக்கு வருகிறேன். கருவிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்த்தால் லேபுக்குத் தெரியும். கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். ஜெயில் வரை போகும். குடும்பத்தில் மரபு நோய் இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கண்டுபிடிக்க மட்டுமே அந்தச் சோதனைக்கு அனுமதி. கொலையா என்று பயப்படும் அதே அத்தையம்மா பையனா என்றும் கேட்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மூன்றும் பெண் என்று தெரிந்திருந்தால் "நம்ம வீட்டுப் பிள்ளைகள்" என்றுதான் சொல்லியிருப்பாரா? நீங்கள் கேட்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும். ஆனால் ஆணா பெண்ணா என்பது அவர் மகனின் விந்தணுவிலிருந்துதான் வருகிறது என்பதை ஒரு தடவை, சமயம் பார்த்துச் சொல்லி வையுங்கள்.

இப்போது உங்கள் தூக்கம். உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இன்னொரு குழந்தை வேண்டுமா என்பது ஒன்று. இந்தக் கருக்களை என்ன செய்வது என்பது இன்னொன்று. உங்கள் கணவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார். மாமியார் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு குழந்தை பற்றி உங்களுக்குள் ஓரத்தில் ஒரு ஆசை இருந்தாலும், இந்த வருடம் பணத்தைக் கட்டிவிடுங்கள். அவசரமே இல்லை. அந்தக் கருக்கள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கின்றன. ஐஸாக அல்ல, ஐஸ் கட்டினால் அதன் முனைகள் செல்லைக் குத்திக் கிழித்துவிடும். அதற்காகத்தான் கருவிலிருந்து நீரை வெளியே இழுத்து, பாகு மாதிரியான ஒரு திரவத்துக்குள் வைத்து, அரிசியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் ஏற்றி, நைட்ரஜனில் சட்டென்று முக்குகிறோம். கண் இமைக்கும் நேரத்தில் கண்ணாடியாக இறுகிவிடும். அங்கே காலம் நகர்வதில்லை. 30 வருடத்துக்கு மேல் உறைந்திருந்த கருவிலிருந்து 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்தது. கருவின் வயது, ஃப்ரீஸ் செய்த நாளில் உங்கள் முட்டைக்கு இருந்த வயதுதான். 37 வயதில் நீங்கள் இன்னொரு குழந்தைக்கு முயன்றாலும் அந்தக் கருவுக்கு 30 வயது முட்டையின் வாய்ப்பு இருக்கும். நம் சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். உங்களுக்கு 2032 ஆகஸ்ட் வரை. ஆனால் கர்ப்பப்பைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வயதாகும், அதை மறக்க வேண்டாம்.

வேண்டாம் என்று இருவருக்கும் தெளிவாகிவிட்டால் இரண்டு வழி. ஒன்று, அழிய விடுவது. இன்னொன்று, சட்டப்படி பதிவு பெற்ற ஆய்வு அமைப்புக்கு எழுத்து மூலம் சம்மதம் கொடுத்துத் தருவது. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எல்லா ஊரிலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. உங்கள் சென்டரில் விசாரியுங்கள். இருவரில் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. கர்ப்பப்பையில் வைக்கும் நிமிடத்துக்கு முன்பு வரை, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அழிய விடுவது என்றால் என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருட்டில் நின்று பயப்படுவதை விடத் தெரிந்துகொள்வது நல்லது. தொட்டியைத் திறந்தால் வெள்ளைப் புகை மேசையில் வழியும். உங்கள் பெயரும் எண்ணும் எழுதிய பட்டையை எடுத்து, இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்போம். வழக்கமாக, கருவை மீட்க வேண்டும் என்றால் அந்த நொடியே வெதுவெதுப்பான திரவத்தில் போட வேண்டும். இங்கே அதைச் செய்யாமல், பட்டையை மேசையில் வைத்துவிடுவோம். அவ்வளவுதான். ரிஜிஸ்டரில் நேரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா, கூட இருக்க வேண்டும் என்று கேட்டார். லேபுக்குள் விட முடியாது, கண்ணாடிக்கு வெளியே நின்றார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், 43 வயது, இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பட்டையைத் தூக்கிக் காட்டினேன். தலையாட்டினார். வெளியே வந்தபோது, "சாமிகிட்ட சொல்லிட்டேன். அதுக வேற எங்கயாவது நல்ல வயித்துல வரட்டும்னு" என்றார். அது என் பாடத்தில் இல்லாத விளக்கம். நான் மறுத்துப் பேசவில்லை. உங்கள் மாமியாருக்கு நான் மேலே எழுதிய செல் கணக்கை விட இந்த அம்மாவின் வார்த்தை புரியக்கூடும்.

கடைசியாக ஒரு வேலை. 2022ல் கொடுத்த ஃபைலை எடுங்கள். முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பு, முட்டையை முதிரவைக்கும் ட்ரிகர் ஊசிக்கு மணி பார்த்துக்கொண்டிருந்த பரபரப்பில், ஒரு கட்டுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் ஃப்ரீஸிங் பற்றிய பக்கம் தனியாக இருக்கும். எத்தனை வருடம் வைக்க வேண்டும், உங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கருவை என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சட்டமே அதைக் கேட்கிறது. எந்தக் கட்டத்தில் டிக் அடித்தீர்கள் என்று இருவரும் சேர்ந்து படியுங்கள். அநேகமாக உங்கள் கணவரும் அதை இப்போதுதான் முதல் தடவையாகப் படிப்பார். படித்துவிட்டு, மாமியார் தூங்கிய பிறகு, நீங்கள் இருவர் மட்டும் பேசுங்கள். ரினியூவல் தேதிக்குள் முடிவு வரவில்லை என்றால், மூன்று மாதம் அவகாசம் கேட்டு சென்டருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெயிலில்.